முகவரியும் வினாக்குறியும்

விலாசம் என்னும் சொல்லுக்குச் செட்டிநாட்டிலே தனிப்பொருள் ஒன்று உண்டு. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வணிகம் நடத்திய நகரத்தார், தத்தம் கடைகளை முன்னெழுத்துகளால் குறித்தனர். அதுவே கடையின் விலாசம். அது தெருவைச் சுட்டவில்லை. கடை இன்னாருடையது என்பதைச் சுட்டியது. காரைக்குடியில் இருந்து பேசும் நான், இணைய முகவரியை விளக்க இதனையே துணைக்கொள்கிறேன். இருக்கும் இடத்தைச் சுட்டாமல், வேண்டும் பொருளைச் சுட்டுவதே அங்கும் நல்ல முகவரி.

2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைப் பாருங்கள். அதில் நம் ஊர்க் கட்டுரையின் முகவரி 'காரைக்குடி' என்றே முடிகிறது. ஆயினும் அப்பெயருடைய கோப்பு எதுவும் வழங்கியில் இல்லை. வந்த முகவரியை உள்ளே மாற்றி, எல்லாக் கட்டுரைகளுக்கும் பொதுவான நிரல் ஒன்றனிடம் வழங்கி ஒப்படைக்கிறது. இதனை முகவரி மாற்றியெழுதல் என்பர். அப்பாச்சி என்னும் வழங்கிக்கு இப்பணியைச் செய்யும் கூறினை 1996இல் ரால்ஃப் எங்கெல்ஷால் இயற்றினார்.

முகவரியில் வினாக்குறிக்குப் பின் வருவன வினாக்கூறுகள்: எந்தத் தலைப்பு, எத்தனையாம் பக்கம் என்பன போன்றவை. பெரும்பாலான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. அப்பாச்சியின் மாற்று விதி வினாக்குறிக்கு முற்பட்ட பகுதியை மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்கும்; பிற்பகுதியைச் சோதிக்கத் தனி நிபந்தனை எழுத வேண்டும். மேலும், புதிய முகவரியில் நாமே வினாக்கூறு சேர்த்தால் பழையது உதிர்ந்துவிடும். 'க்யூஎஸ்ஏ' என்னும் குறியை விதியின் இறுதியில் இட்டால் இரண்டும் நிலைக்கும். இல்லையேல் மூன்றாம் பக்கம் கேட்டவருக்கு முதற்பக்கமே வந்து நிற்கும்.

தமிழுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. 'காரைக்குடி' நமக்கு 5 எழுத்து. கணினிக்கோ அது 10 குறியீடு, 30 பைட்டு. ஒவ்வொரு பைட்டும் % குறியுடன் மூன்று குறிகளாக எழுதப்படுவதால், முகவரியில் 90 குறிகளாக நீள்கிறது. மாற்றியெழுதும்போது இதனை மறுமுறையும் குறியீடாக்கினால், ஒவ்வொரு % குறியும் %25 ஆகும். 90 குறிகள் 150 ஆகும். நிரலோ அப்படி ஓர் ஊர் இல்லை என்று கைவிரிக்கும். ஆங்கிலச் சொல்லுக்கு இவ்விடர் நேராது. ஆகவே ஆங்கிலச் சொல்லை மட்டும் இட்டுச் சோதிப்பவர் கண்ணுக்குப் பிழை தென்படுவதேயில்லை. தமிழில் தேடும் மாணவரே வெறுங்கையுடன் திரும்புகிறார்.

பிழை களைவதற்கு முறை உண்டு. முதலில் வழங்கியின் பதிவேட்டைத் திறந்து, வந்த முகவரி யாது, மாறிய முகவரி யாது என ஒப்பிடுக. பின்னர் விதிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க. உலாவியை வேறு முகவரிக்குத் திருப்பும் விதியாயின், 301 என்னும் நிலையான குறியை உலாவி நினைவில் வைத்துக்கொள்ளும். சோதனை முடியும்வரை 302 என்னும் தற்காலிகக் குறியே நலம். இறுதியாக, ஒரு தமிழ்ச் சொல்லை இட்டுப் பார்க்க. அது சென்று சேர்ந்தால்தான் வேலை முடிந்தது.