ஜப்பானியத் திகில் நிகழ்பட ஆட்டங்களின் மேற்கத்தியத் திரைப்படத் தழுவல்கள்

ஜப்பானியத் திகில் நிகழ்பட ஆட்டங்களின் மேற்கத்தியத் திரைப்படத் தழுவல்கள் என்பன, வீடியோ கேம் எனப் பரவலாக அறியப்படும் நிகழ்பட ஆட்டங்களுள் ஜப்பானில் உருவான திகில் ஆட்டங்களைத் தழுவி ஐரோப்பிய, வட அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் எடுத்த திரைப்படங்களைக் குறிக்கும். ரெசிடென்ட் ஈவில் (2002), ஹவுஸ் ஆஃப் த டெட் (2003), சைலன்ட் ஹில் (2006) ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. ஆட்டத்தில் ஆட்டக்காரரின் செயலிலிருந்து பிறக்கும் அச்சத்தை, இருக்கையில் அமர்ந்து பார்க்க மட்டுமே இயலும் ஒருவரிடம் எவ்வாறு உண்டாக்குவது என்பதே இத்தழுவல்கள் யாவும் எதிர்கொண்ட சிக்கலாகும்.

பின்னணி

இவ்வாட்டங்கள் தாமே திரைப்படங்களிலிருந்தும் புதினங்களிலிருந்தும் பிறந்தவை. கியோஷி குரோசாவா இயக்கிய ஸ்வீட் ஹோம் என்ற ஜப்பானியத் திரைப்படத்தைத் தழுவி, அதே பெயரில் 1989 ஆம் ஆண்டில் காப்காம் நிறுவனம் ஓர் ஆட்டத்தை வெளியிட்டது. அதனை அடியொற்றியே ஷின்ஜி மிக்காமியின் இயக்கத்தில் ரெசிடென்ட் ஈவில் 1996 ஆம் ஆண்டில் உருவானது. ஜப்பானில் இது பயோஹசார்ட் என்ற பெயரில் வெளிவந்தது. அமெரிக்க இயக்குனர் ஜார்ஜ் ரொமேரோ 1968 ஆம் ஆண்டிலிருந்து எடுத்து வந்த நடைப்பிணப் படங்களின் தாக்கமும் இதில் தெளிவாகத் தெரிகிறது.

கொனாமி நிறுவனம் 1999 ஆம் ஆண்டில் வெளியிட்ட சைலன்ட் ஹில் ஆட்டமும் ஒரு கற்பனை அமெரிக்க நகரில் நிகழ்கிறது. அந்நகரின் தெருக்களுக்கு ராபர்ட் பிளாக், ரே பிராட்பரி, ரிச்சர்ட் மாத்தசன் போன்ற எழுத்தாளர்களின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. எனவே இவ்வாட்டங்கள் மேற்கத்தியத் திரைப்படங்களாக மாறியபோது, கடன் வாங்கிய பொருள் புது வடிவில் திரும்பிச் சென்றது எனலாம்.

ஆட்டத்தில் அச்சம் உருவாகும் முறை

ரெசிடென்ட் ஈவில் ஆட்டத்தில் படக்கருவியின் கோணம் ஒவ்வோர் அறைக்கும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும். திருப்பத்திற்கு அப்பால் நிற்பது எது என்பதை ஆட்டக்காரர் காண இயலாது. தோட்டாக்கள் குறைவு, எடுத்துச் செல்லக்கூடிய பொருட்களுக்கும் எல்லை உண்டு. ஆட்டத்தின் நிலையைச் சேமிப்பதற்குக் கூட, தட்டச்சுப் பொறியையும் அதற்குரிய மை நாடாவையும் தேட வேண்டும். சுடுவதா, ஓடுவதா என்ற முடிவு ஆட்டக்காரருடையது. அதன் விளைவும் அவருடையதே.

சைலன்ட் ஹில் ஆட்டத்தில் நகரை மூடியிருக்கும் பனிமூட்டத்திற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அன்றைய பிளேஸ்டேஷன் கருவியால் தொலைவிலுள்ள கட்டிடங்களை விரைவாக வரைய இயலவில்லை. பனியும் இருளும் அக்குறையை மறைத்ததுடன் அச்சத்தின் கருவியாகவும் ஆயின. அரக்க உருவங்கள் நெருங்கும்போது கதைத்தலைவன் ஹாரி மேசனிடம் உள்ள வானொலிப்பெட்டி இரையத் தொடங்கும். காண்பதற்கு முன் கேட்கும் இந்த இரைச்சல், முன்னே செல்வதா வேண்டாமா என்ற தயக்கத்தை ஆட்டக்காரரிடம் விதைக்கிறது.

ரெசிடென்ட் ஈவில் திரைப்படம்

முதலில் ரொமேரோவே இதற்குத் திரைக்கதை எழுதினார். ஆட்டத்தின் மாளிகையையும் கதைமாந்தரையும் பின்பற்றிய அந்தத் திரைக்கதை ஏற்கப்படவில்லை. பின்னர் பால் ஆண்டர்சன் எழுதி இயக்கிய படம் 2002 ஆம் ஆண்டில் வெளியானது. ஆட்டத்தில் இல்லாத ஆலிஸ் என்ற பாத்திரத்தில் மில்லா ஜோவோவிச் நடித்தார். ஆலிஸ் நினைவிழந்த நிலையில் கண்விழிப்பதால், தான் யார், இடம் எது என்பதைப் பார்வையாளருடன் சேர்ந்தே அறிகிறாள். ஆட்டக்காரரின் அறியாமைக்கு ஈடாக அமைந்த உத்தி இது. எனினும் தோட்டாக்களின் பற்றாக்குறையால் எழும் பதற்றம் மறைந்து, சண்டைக் காட்சிகளே முதன்மை பெற்றன. வணிக முறையில் இது பெரும் வெற்றியாகும். 2016 வரை வெளியான 6 படங்களும் சேர்ந்து 100 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் ஈட்டின.

ஹவுஸ் ஆஃப் த டெட்

சேகா நிறுவனத்தின் துப்பாக்கி ஆட்டத்தைத் தழுவி உவே போல் இயக்கிய இப்படத்தில், ஆட்டத்தின் காட்சித் துணுக்குகளே இடையிடையே செருகப்பட்டன. ஆட்டத்தின் படிமங்களை அப்படியே திரையில் காட்டுவதால் மட்டும் ஆட்டத்தின் உணர்வு வந்துவிடாது என்பதற்கு இது சான்றாக அமைந்தது. விமர்சகர்கள் இப்படத்தைக் கடுமையாகச் சாடினர்.

சைலன்ட் ஹில் திரைப்படம்

பிரெஞ்சு இயக்குனர் கிறிஸ்டோப் கான்ஸ், உரிமையைப் பெறும் பொருட்டு, இவ்வாட்டம் தமக்கு எவ்வளவு முக்கியமானது என்பதை விளக்கும் நிகழ்படம் ஒன்றைப் பதிவு செய்து கொனாமிக்கு அனுப்பினார். ரோஜர் ஏவரி திரைக்கதை எழுதினார். 1962 ஆம் ஆண்டு முதல் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் எரிந்துகொண்டிருக்கும் பென்சில்வேனியாவின் சென்ட்ரேலியா நகர் இதற்குத் தூண்டுதலாயிற்று. இதனால் திரையில் பனிமூட்டத்துடன் சாம்பலும் பொழிகிறது.

மகளைத் தேடும் தந்தை ஹாரிக்கு மாற்றாக, ரோஸ் என்ற தாயின் பாத்திரம் (ராதா மிட்செல்) அமைக்கப்பட்டது. ஆட்டத்தின் இசையமைப்பாளர் அகிரா யமாவோக்காவின் இசை படத்திலும் பயன்படுத்தப்பட்டது. அரக்க உருவங்கள் பலவற்றிற்கு நடனக் கலைஞர்கள் உயிரூட்டினர். மருத்துவமனையின் வரைபடத்தை ரோஸ் மனப்பாடம் செய்யும் காட்சி, ஆட்டக்காரர் செய்யும் வேலையையே நினைவூட்டுகிறது.

ஆயினும் இரு இழப்புகள் நேர்ந்தன. முதலாவது, ஆட்டக்காரர் சிறிது சிறிதாகத் தேடிச் சேர்க்கும் முன்கதை, படத்தின் பிற்பகுதியில் நீண்ட விளக்கமாகவே சொல்லப்படுகிறது. இரண்டாவது, பிரமிட் ஹெட் என்ற உருவம் தன் பொருளை இழந்தது. மசாஹிரோ இத்தோ வடிவமைத்த இவ்வுருவம் 2001 ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் ஆட்டத்திற்கு உரியது. நோயுற்ற மனைவியைக் கொன்ற ஜேம்ஸ் என்பவனின் குற்றவுணர்விலிருந்து, தண்டனை வேண்டும் அவன் உள்ளத்திலிருந்து, அது தோன்றுகிறது. ஜேம்ஸ் இல்லாத கதையில் அது அச்சமூட்டும் தோற்றமாக மட்டுமே எஞ்சியது.

முதல் ஆட்டத்தில் ஆட்டக்காரரின் செயலுக்கேற்ப முடிவுகள் மாறும். திரைப்படத்திற்கோ முடிவு ஒன்றே: ரோஸும் மகளும் வீடு திரும்புகின்றனர், அதே வீட்டிலிருக்கும் கணவரால் அவர்களைக் காண இயலவில்லை. காட்சியமைப்பு பாராட்டப்பட்டாலும், படத்தின் நீளமும் கதைத் தெளிவின்மையும் குறை கூறப்பட்டன.

பிற்காலம்

திரைப்படங்களும் ஆட்டங்களைப் பாதித்தன. 2008 ஆம் ஆண்டில் வெளியான சைலன்ட் ஹில்: ஹோம்கமிங் ஆட்டத்தில், சுவர்கள் உரிந்து இருளுலகம் வெளிப்படும் விதம் கான்ஸின் படத்தைப் பின்பற்றியது. மூன்றாம் ஆட்டத்தைத் தழுவிய சைலன்ட் ஹில்: ரெவலேஷன் 2012 ஆம் ஆண்டிலும், முதலிரு ஆட்டங்களின் கதைக்குத் திரும்பிய ரெசிடென்ட் ஈவில்: வெல்கம் டு ரக்கூன் சிட்டி 2021 ஆம் ஆண்டிலும் வெளியாயின. இரண்டாம் சைலன்ட் ஹில் ஆட்டத்தைத் தழுவி ரிட்டர்ன் டு சைலன்ட் ஹில் என்ற படத்தைக் கான்ஸ் இயக்கினார். 2023 ஆம் ஆண்டில் படப்பிடிப்பு தொடங்கிய இப்படத்தில் ஜேம்ஸே கதைத்தலைவன் ஆவான். பிரமிட் ஹெட் உருவமும் தனக்குரிய கதையிலேயே இடம்பெறுகிறது.