ரெண்டு வாரத்துக்கு முன்னாடி பாட்டி எப்படி இருந்தாங்க?

தாம்பரம் பக்கத்துச் சேலையூரிலிருந்தோ சிட்லபாக்கத்திலிருந்தோ எண்பது வயதுப் பாட்டி ஒருவர் 108 ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்குகிறார். காய்ச்சல், நேற்றிரவிலிருந்து ஏதேதோ உளறுகிறார். பிரஷர், சர்க்கரை, ஆக்சிஜன், ஈசிஜி எல்லாம் சீக்கிரமே பார்த்துவிடுவார்கள். போன மாதம் இவர் மொட்டைமாடிக்கு ஏறி வடாம் காயவைத்தவரா, எழுந்து உட்காரவே கைத்தாங்கல் தேவைப்பட்டவரா? அதை எந்தக் கருவியும் சொல்லாது.

கனடா மருத்துவர் கென்னத் ராக்வுட்டின் குழு 2005-ல் வெளியிட்ட முதுமைத் தளர்ச்சி அளவுகோல் இதைத்தான் கேட்கிறது. அப்போது ஏழு படிகள், இப்போது ஒன்பது. ஐந்திலிருந்து தளர்ச்சிக் கணக்கு. இன்றைய கோலத்தைப் பார்த்துப் படி போடக் கூடாது, இரண்டு வாரத்துக்கு முந்தைய நிலைதான் கணக்கு. காய்ச்சலில் கிடந்தால் பயில்வானும் தளர்ந்துதான் தெரிவார்.

இதற்கு என்ன அவசரம்? கட்டில்தான் காரணம். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007-ல் வந்தது. கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோயும் பட்டினியும் யூரின் டியூபும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். தளர்ந்தவர் என்று முதல் நாளே தெரிந்தால் நடக்கவைப்பது, சாப்பாடு, தேவையில்லாத மாத்திரைகளை நிறுத்துவது எல்லாம் அன்றே தொடங்கும். இப்படி முழுமையாக மதிப்பிட்டுக் கவனிக்கப்பட்டவர்கள் பிற்பாடு உயிரோடு சொந்த வீட்டில் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று 29 ஆய்வுகளைத் திரட்டிய 2017-ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பு காட்டியது.

உளறலுக்கும் சோதனை உண்டு: டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வார்கள். நம் பாட்டிகளிடம் பங்குனி, மாசி, தை என்று கேட்பதே நியாயம் என்பேன்.

முதியோர் மருத்துவம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. டாக்டர் வி.எஸ்.நடராஜனின் முயற்சியால் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996-லேயே அதற்கு எம்.டி. படிப்பு வந்தது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் 2024-ல் திறக்கப்பட்டது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் எட்டாவது ஸ்டேஷன். ஆனால் நள்ளிரவில் மூச்சிரைத்தால் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவார்கள். அங்கே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? மகன் டல்லாஸில். மகள் பெங்களூரிலிருந்து கிளம்பியிருக்கிறாள். "நல்லாத்தான் இருந்தாங்க, ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல பேசினேனே" என்கிறாள் போனில். வீடியோவில் முகம்தான் தெரியும், கால் தெரியாது.

ஆம்புலன்ஸில் கூடவே ஏறி வந்த வீட்டுவேலை அம்மா சுவரோரம் நிற்கிறார். அவரைக் கேட்டால் தெரியும்: "ரெண்டு மாசமா தண்ணி ஊத்திக் குளிப்பாட்டி விடுறதே நான்தாங்க."

ஆறாவது படி.