தட்டணுக் குறைபாட்டிற்குப் புதிய மாத்திரை: ஆய்வில் சேருமுன் அறிய வேண்டியவை

தட்டணு குறைந்துள்ளது என்றதும் நம் பகுதி மக்கள் முதலில் அஞ்சுவது டெங்குவையே. ஆனால் காய்ச்சல் இல்லாமல், தோலில் சிவப்புப் புள்ளிகள், ஈறுகளில் இரத்தக் கசிவு, மிகுதியான மாதவிடாய்ப் போக்கு ஆகியவற்றுடன் தட்டணு எண்ணிக்கை ஒரு லட்சத்திற்கும் கீழே இருந்தால், அது ஐ.டி.பி. எனும் நோயாக இருக்கலாம். இதில் உடலின் நோய் எதிர்ப்பாற்றலே தட்டணுக்களைப் பகையாகக் கருதி அழிக்கிறது. இது தொற்றாது.

முதல் சிகிச்சை பெரும்பாலும் ஸ்டீராய்டு. அது போதாதவர்களுக்கு, தட்டணு உற்பத்தியைத் தூண்டும் எல்ட்ரோம்போபாக் மாத்திரை தரப்படுகிறது. பால், தயிர் உண்பதற்கு 2 மணி நேரம் முன்போ, உண்டு 4 மணி நேரம் கழித்தோதான் இதை விழுங்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் இதில் அடங்கும்!

அண்மையில் சோதிக்கப்பட்ட மாத்திரை ரில்சாபுரூட்டினிப். இது தட்டணுக்கள் அழிக்கப்படுவதைக் குறைக்கிறது. 'லூனா 3' என்ற பன்னாட்டு ஆய்வில் 202 பெரியவர்கள் பங்கேற்றனர். மூவரில் இருவருக்கு மருந்தும், ஒருவருக்கு மருந்தில்லாத ஒத்த மாத்திரையும் குலுக்கல் முறையில் வழங்கப்பட்டன. 24 வார முடிவில், மருந்து பெற்றோரில் 23 விழுக்காட்டினருக்கு எண்ணிக்கை நிலையாக உயர்ந்திருந்தது. மற்ற பிரிவில் ஒருவருக்கும் இல்லை. ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே நிலையான பயன் என்பதையும் மறவாதீர்கள். வயிற்றுப்போக்கு, குமட்டல், தலைவலி பக்கவிளைவுகளாகக் காணப்பட்டன. அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இதற்கு ஒப்புதல் அளித்தது.

"மருந்தில்லா மாத்திரை கிடைத்தால் என் கதி என்ன?" என்பது நியாயமான கேள்வி. லூனா 3 ஆய்வில், முன்பு எடுத்துவந்த ஸ்டீராய்டு போன்ற மருந்துகளை மாறாத அளவில் தொடர அனுமதி இருந்தது. இரத்தப்போக்கு அபாயம் நேர்ந்தால் மீட்புச் சிகிச்சையும் தரப்பட்டது. உங்களை அழைக்கும் ஆய்விலும் இவ்விரண்டும் உண்டா எனக் கேளுங்கள். இந்திய மருந்தாய்வுப் பதிவேட்டு எண்ணையும் கேட்டுப் பெறுங்கள். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வினால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உங்கள் உரிமை. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை மறுக்கப்படக் கூடாது.

ஆய்வில் அடிக்கடி இரத்தப் பரிசோதனை இருக்கும். கிருஷ்ணன்கோவிலிலிருந்து மதுரைக்கு ஒவ்வொரு முறையும் செல்ல வேண்டுமெனில், பேருந்துச் செலவையும் இழக்கும் மில் கூலியையும் யார் ஏற்பது என்பதை ஒப்பமிடுமுன் தெளிவாகக் கேளுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆய்வில் சேர்வதற்காக ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்தாதீர்கள். மருத்துவரைக் கேளாமல் ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை உட்கொள்ளாதீர்கள். கடும் தலைவலி, கருநிற மலம், நிற்காத இரத்தப்போக்கு ஏற்பட்டால் உடனே 108ஐ அழையுங்கள்.