காஞ்சிபுரம் வட்டார விளையாட்டு வீரர்கள்

காஞ்சிபுரம் வட்டார விளையாட்டு வீரர்கள் என்னும் இக்கட்டுரை, தமிழ்நாட்டின் காஞ்சிபுரத்திலும் அதைச் சூழ்ந்த பழைய செங்கல்பட்டு மாவட்டப் பகுதியிலும் பிறந்து, பன்னாட்டு அளவில் பெயர்பெற்ற சில விளையாட்டு வீரர்களைப் பற்றியது. காஞ்சிபுரம் என்றவுடன் பட்டுப் புடவையும் கோயில் கோபுரங்களும் நினைவுக்கு வருவது இயல்பு. நகரைப் பற்றிய நூல்களும் பெரும்பாலும் அவ்விரண்டோடு நின்றுவிடுகின்றன. ஆயினும் துடுப்பாட்டம், வளைதடிப் பந்தாட்டம், இறகுப்பந்தாட்டம், அலைச்சறுக்கு எனப் பல துறைகளில் இவ்வட்டாரத்தார் தடம் பதித்துள்ளனர்.

எல்லை

ஒரு வீரரை எந்த ஊரார் என்று சொல்வது இவ்வட்டாரத்தில் எளிதன்று. ஆங்கிலேயர் காலத்துச் செங்கல்பட்டு மாவட்டம் சென்னை நகரை மூன்று புறமும் சூழ்ந்திருந்தது. 1997 ஆம் ஆண்டு அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் தனியே உருவாக்கப்பட்டது. மாமல்லபுரம், மதுராந்தகம் போன்ற ஊர்கள் அப்போது காஞ்சிபுரத்தை விட்டு நீங்கின. எனவே இங்குக் குறிப்பிடப்படுவோருள் சிலர் இன்றைய கணக்கில் அண்டை மாவட்டத்தவர் ஆவர். இக்கட்டுரை பழைய எல்லையையே கொள்கிறது.

மாமல்லன்

காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், மாமல்லன் என்ற பட்டப்பெயர் கொண்டவன். மல்லன் என்பது மற்போர் புரிபவனைக் குறிக்கும். துறைமுக நகரான மாமல்லபுரம் இப்பெயராலேயே வழங்குகிறது. ஒரு மன்னன் தன்னைப் பெரும் மல்லன் என்று அழைத்துக்கொள்வதில் பெருமை கண்டான் என்பதற்கு மேல் இதிலிருந்து அதிகம் பெற இயலாது. ஆனால் உலகறிந்த ஓர் ஊரின் பெயரிலேயே ஒரு விளையாட்டு ஒளிந்திருப்பது பலர் கவனிக்காத செய்தி.

எம். ஜே. கோபாலன்

மொறப்பாக்கம் ஜோசியம் கோபாலன், 1909 சூன் 6 அன்று செங்கல்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில் பிறந்தவர். பெயரின் முதலெழுத்தே ஊரைக் காட்டுகிறது. கிரிக்கெட் எனப்படும் துடுப்பாட்டத்திலும் ஹாக்கி எனப்படும் வளைதடிப் பந்தாட்டத்திலும் இந்தியாவுக்காக ஆடிய மிகச் சிலருள் இவர் ஒருவர். துடுப்பாட்டத்தில் மித வேகப் பந்து வீச்சாளர். வளைதடிப் பந்தாட்டத்தில் நடுக்கள ஆட்டக்காரர்.

1934 சனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக நடைபெற்ற தேர்வுப் போட்டியில் கோபாலன் இந்திய அணியில் இடம்பெற்றார். அதில் ஓர் இலக்கை வீழ்த்தினார். முதல் ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 11 ஓட்டங்கள் எடுத்தார். அதுவே அவருடைய முதலும் கடைசியுமான தேர்வுப் போட்டி ஆகும்.

அதே ஆண்டு நவம்பர் 4 அன்று, இன்று ரஞ்சிக் கிண்ணம் என்று அறியப்படும் தேசியப் போட்டித் தொடரின் முதல் ஆட்டம் சென்னை சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே தொடங்கியது. தொடரின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். அவ்வாட்டம் ஒரே நாளில் முடிந்துபோனதும் குறிப்பிடத்தக்கது. சென்னை அணியின் ஏ. ஜி. ராம்சிங் இரு ஆட்டங்களிலும் சேர்த்து 11 இலக்குகளை வீழ்த்தினார். இந்தியத் துடுப்பாட்டத்தின் பெருந்தொடர் ஒன்றின் முதல் பந்து இவ்வட்டாரத்து மனிதரின் கையிலிருந்து புறப்பட்டது என்பதை உள்ளூர் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர் என்பது ஐயமே.

1935 இல் தியான் சந்த் உள்ளிட்ட இந்திய வளைதடி அணியுடன் கோபாலன் நியூசிலாந்துப் பயணம் மேற்கொண்டார். மறு ஆண்டு அவர் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. 1936 கோடையில் துடுப்பாட்ட அணி இங்கிலாந்து செல்லவிருந்தது. வளைதடி அணி பெர்லின் ஒலிம்பிக்கிற்குச் செல்லவிருந்தது. இரண்டு வாய்ப்புகளும் அவர் முன் இருந்தன. கோபாலன் துடுப்பாட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்.

விசயநகரம் மகாராசகுமாரர் தலைமையேற்ற அந்தச் சுற்றுப்பயணம் உட்பூசல்களுக்காகவே இன்றும் நினைவுகூரப்படுகிறது. சிறந்த ஆட்டக்காரரான லாலா அமர்நாத் பாதியிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று தேர்வுப் போட்டிகளுள் ஒன்றில்கூடக் கோபாலனுக்கு இடம் கிடைக்கவில்லை. 1936 ஆகத்து 15 அன்று இலண்டன் ஓவல் திடலில் மூன்றாவது தேர்வுப் போட்டி அவர் இன்றித் தொடங்கியது. அதே நாளில் பெர்லினில் இந்திய வளைதடி அணி செருமனியை 8–1 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றது.

இதைக் கோபாலனின் பிழையான தேர்வு என்று எழுதுவது வழக்கம். அது முழுதும் நேர்மையான கணிப்பன்று. அணித் தேர்வாளர்கள் என்ன செய்வர் என்பதைப் புறப்படும் முன் எவரும் அறிந்திருக்க முடியாது. அதே பயணத்தில், டென்னிசில் டேவிசுக் கிண்ணத்திற்கு ஆடிய சென்னையின் கோட்டா ராமசாமி, தம் 40 ஆம் வயதில் தேர்வுப் போட்டியில் அறிமுகமானார். ஆகவே இரு விளையாட்டுகளைக் கையாண்ட ஒருவருக்கு அந்த அணியில் இடமே கிடைத்திராது என்று சொல்ல முடியாது. கோபாலனுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவே.

பிற்காலத்தில் அவர் தேசிய அணித் தேர்வாளராகவும் பணியாற்றினார். சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே 1950களில் தொடங்கிய போட்டிக்குக் கோபாலன் கிண்ணம் என்று அவர் பெயர் சூட்டப்பட்டது. இலங்கை தேர்வுப் போட்டித் தகுதி பெறுவதற்கு முந்தைய காலத்தில் அந்நாட்டு வீரர்களுக்கு இக்கிண்ணம் முக்கியமான களமாக அமைந்தது. 2003 திசம்பர் 21 அன்று கோபாலன் சென்னையில் மறைந்தார். அப்போது தேர்வுப் போட்டி ஆடியோருள் உயிருடனிருந்த மிக மூத்தவர் அவரே.

துளசிமதி முருகேசன்

2002 இல் காஞ்சிபுரத்தில் பிறந்த துளசிமதி முருகேசன், மாற்றுத்திறனாளர்க்கான இறகுப்பந்தாட்ட வீராங்கனை ஆவார். பிறவியிலேயே இடக்கையில் குறைபாடு இருந்தது. பின்னர் நேர்ந்த ஒரு விபத்தினால் அக்கையின் இயக்கம் மேலும் குறைந்தது. அவரை விளையாட்டில் ஈடுபடுத்திப் பயிற்சியளித்தவர் அவருடைய தந்தை. பின்னாளில் ஐதராபாத்தில் உள்ள புல்லேலா கோபிசந்த் பயிற்சியகத்தில் பயின்றார். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கால்நடை மருத்துவம் படித்தவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

இவருடைய ஆட்டத்தைப் புரிந்துகொள்ள வகைப்பாட்டு முறையை அறிதல் வேண்டும். மாற்றுத்திறனாளர் இறகுப்பந்தாட்டத்தில் ஆறு வகுப்புகள் உள்ளன. சக்கர நாற்காலியில் ஆடுவோருக்கு இரண்டு. காலில் குறைபாடு உடையோருக்கு எஸ்.எல்.3, எஸ்.எல்.4 என இரண்டு. கையில் குறைபாடு உடையோருக்கு எஸ்.யு.5, உயரம் குன்றியோருக்கு எஸ்.எச்.6. துளசிமதி எஸ்.யு.5 வகுப்பைச் சேர்ந்தவர். சக்கர நாற்காலியினரும் எஸ்.எல்.3 வகுப்பினரும் ஒற்றையர் ஆட்டத்தில் அரைக் களத்தில் ஆடுவர். எஸ்.யு.5 வகுப்பினருக்கு அச்சலுகை இல்லை. முழுக் களத்திலும் ஓடி ஆட வேண்டும்.

மட்டை பிடிக்கும் கை நன்றாக இருந்தால் மற்றக் கையால் என்ன பயன் என்று தோன்றலாம். தலைக்கு மேல் வரும் பந்தை அடிக்கும்போது மட்டை பிடிக்காத கை முன்னே உயர்ந்து உடலின் சமநிலையைக் காக்கிறது. பந்தைத் தொடக்கத்தில் போடும்போது இறகைப் பிடிப்பதும் அந்தக் கையே. ஒரு கை முழுமையாக ஒத்துழைக்காதபோது ஒவ்வொரு தாவலிலும் இடுப்பும் கால்களும் அந்த வேலையைச் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

இரட்டையர் ஆட்டத்தில் வேறொரு விதி உண்டு. எஸ்.எல்.3 முதல் எஸ்.யு.5 வரையிலான கலப்பு வகுப்பில், இணையர் இருவரின் வகுப்பு எண்களைக் கூட்டினால் 8 ஐத் தாண்டக் கூடாது. ஆகவே 5 ஆம் எண்ணுடைய துளசிமதி, 3 ஆம் எண்ணுடைய ஒருவரோடுதான் இணைய முடியும். பெண்கள் இரட்டையரில் மானசி ஜோஷியும், கலப்பு இரட்டையரில் நிதேஷ் குமாரும் அவருக்கு இணையாக அமைந்தது இதனால்தான்.

2023 அக்டோபரில் சீனாவின் காங்சூ நகரில் நடைபெற்ற ஆசியப் பாரா விளையாட்டுப் போட்டியில் துளசிமதி மூன்று பதக்கங்கள் பெற்றார். மானசியுடன் வெள்ளி, நிதேஷுடன் வெண்கலம், ஒற்றையரில் தங்கம். ஒற்றையர் இறுதியில் அவர் வென்றது சீனாவின் யாங் சியூசியாவை. டோக்கியோ பாராலிம்பிக்கின் தங்க மங்கையான அவரை, அவர் நாட்டிலேயே 21–19, 21–19 என்று வென்றார்.

பதினோரு மாதங்கள் கழித்துப் பாரிசில் இருவரும் மீண்டும் இறுதியில் சந்தித்தனர். 2024 செப்டம்பர் 2 அன்று நடந்த அந்த ஆட்டத்தில் யாங் 21–17, 21–10 என வென்றார். துளசிமதிக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. பாராலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் இறகுப்பந்தாட்டத்தில் பதக்கம் பெற்றது அந்தப் போட்டியில்தான் முதன்முறை. தமிழ்நாடு அரசு அவருக்கு 2 கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது. 2024 ஆம் ஆண்டுக்கான அருச்சுனா விருதும் அவருக்கு அளிக்கப்பட்டது.

மனிஷா ராமதாஸ்

பாரிசில் துளசிமதி அரையிறுதியில் எதிர்கொண்டது திருவள்ளூரைச் சேர்ந்த மனிஷா ராமதாசை. 2005 இல் பிறந்த மனிஷாவுக்குப் பிறப்பின்போது நரம்பு பாதிக்கப்பட்டதால் வலக்கை வலுவிழந்தது. 2022 இல் டோக்கியோவில் நடந்த உலகப் போட்டியில் எஸ்.யு.5 ஒற்றையரில் உலக வாகையர் ஆனவர். பாரிசு அரையிறுதியின் முதல் ஆட்டம் 23–21 வரை நீண்டது. இரண்டாவது 21–17 என்று துளசிமதிக்கு முடிந்தது. மனிஷா பின்னர் டென்மார்க்கின் கேத்தரின் ரோசன்கிரேனை வென்று வெண்கலம் பெற்றார். அவருக்கும் 2024 ஆம் ஆண்டுக்கான அருச்சுனா விருது கிடைத்தது.

1997 க்கு முந்தைய நிலப்படத்தை விரித்துப் பார்த்தால், பாரிசு மேடையில் நின்ற மூவருள் இருவர் ஒரே மாவட்டத்தவர்.

அலைச்சறுக்கு

மாமல்லபுரம், கோவளம் ஆகிய மீனவ ஊர்களில் இளைஞர் பலர் அலைச்சறுக்கில் தேர்ந்தனர். அலையின் போக்கைக் கணிப்பது அவர்கள் குடும்பத் தொழிலின் பகுதியாக இருந்தமையால் பலகை மேல் நிற்பதுதான் அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. கோவளத்து மீனவரான மூர்த்தி மேகவன் பலருக்கு இதைக் கற்பித்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் அலைச்சறுக்கு சேர்க்கப்பட்டபின் இதன்மீது கவனம் கூடியது.

மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தி சிறுமியாக இருந்தபோதே, வெறுங்காலுடன் சறுக்குப் பலகையில் இறங்கிய ஒளிப்படத்தால் உலகெங்கும் அறியப்பட்டார். அவரையும் அவர் தாயையும் பற்றிய 'கமலி' என்னும் குறும்படம் 2020 பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. படத்தோடு நின்றுவிடாமல் அலைச்சறுக்கில் தேசிய அளவில் பட்டங்களும் வென்றிருக்கிறார். படத்தால் வந்த புகழைவிட இதுவே எடுத்துச் சொல்லத் தக்கது.

களங்கள்

வீரர்களைத் தவிர, வெளியூரார் வந்து ஆடும் களங்களும் இவ்வட்டாரத்தில் உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தின் பந்தயத் தடம் 1990 முதல் இயங்குகிறது. 44 ஆவது சதுரங்க ஒலிம்பியாடு 2022 சூலை 28 முதல் ஆகத்து 10 வரை மாமல்லபுரத்தில் நடைபெற்றது. உருசியாவில் நடைபெறவிருந்த அப்போட்டி, உக்ரைன் போரை அடுத்து இந்தியாவுக்கு மாற்றப்பட்டது. பந்தயக் கார் ஓட்டுவதற்குப் பெரும்பொருள் வேண்டும். துளசிமதி ஆடிய ஆட்டத்திற்கு ஒரு மட்டையும், கூரையுள்ள ஒரு களமும், நாள்தோறும் எதிரில் நின்று பந்தை எடுத்துக்கொடுக்க ஒருவரும் போதுமானவை. சிறு நகரங்களிலிருந்து எந்த விளையாட்டில் வீரர்கள் எழுகின்றனர் என்பதை இவ்வேறுபாடே பெரிதும் முடிவு செய்கிறது.