கொழுப்பும் பெண்டிர் என்பும்

கொழுப்பு என்னுஞ் சொல் நம்மிடையே நெடுங்காலமாகவே நற்பெயரெடுத்ததன்று. அடங்காதவனைக் கண்டால் அவனுக்குக் கொழுப்பு மிகுந்துவிட்டது என்கின்றோம். இக்காலத்து மருத்துவ அறிவும் அப்பழியோடு நெஞ்சுநோய்ப் பழியையும் சேர்த்துவிட்டது. ஆதலின் ஐம்பது வயதெய்திய பெண்மணிகள் பலர் எண்ணெய்ப் போத்தலைக் கண்டு அஞ்சுகின்றனர். அவ்வயதிலேயே அவர்தம் என்புகள் விரைந்து நொய்யத் தொடங்குகின்றன. கொழுப்பை விலக்குதல் என்புக்கு நன்றோ தீதோ என்னும் வினா அங்கே எழுகின்றது.

என் மூத்த தமக்கையார் ஐம்பத்து மூன்றாம் வயதில், குருதியிற் கொலஸ்திரோல் மிகுந்துளது என்று கேட்ட அன்றே எண்ணெய், தேங்காய்ப்பால், முட்டை, மீன், பசுப்பால் அனைத்தையும் ஒருங்கே விட்டொழித்தார். வைத்தியர் சொன்னது குறைக்கும்படி. அவர் செய்ததோ துறவு. ஈராண்டு கழித்துக் கிணற்றடியில் வழுக்கிக் கையூன்றி விழுந்தவர்க்கு மணிக்கட்டு முறிந்தது. உணவே அதற்குக் காரணமென்று யான் கூறேன். ஒருவர் கதை சான்றாகாது. ஆயினும் இப்பொருளை என்னைக் கற்பித்தது அம்முறிவே. யான் மருத்துவனல்லேன், வரலாறு கற்பிக்கும் ஆசிரியன். எனவே எனக்குத் தெரிந்த வழியாற் செல்கின்றேன்.

என்பு கல்லன்று. கொலாஜன் என்னும் புரதத்தாலாகிய வலையிற் கல்சியமும் பொசுபரசுஞ் சேர்ந்த உப்புப் படிந்து உருவாவது அது. அதனை அரித்தெடுக்குங் கலங்களும் மீளக் கட்டுங் கலங்களும் ஓயாது தொழில் புரிகின்றன. வளர்ந்தோர் உடம்பில் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு என்பு புதுப்பிக்கப்படுகின்றது. பெண்டிர் உடம்பில் அரிக்குங் கலங்களை அடக்கி வைப்பது ஈஸ்திரோசன் என்னும் ஓமோன். மாதவிடாய் நின்றபின் அவ்வோமோன் குன்ற, அரிப்பவர் கை ஓங்குகின்றது. முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுள் நூற்றுக்கு 20 வரை என்பு குறைதலுங் கூடும். இத்தொடர்பினை அமெரிக்க மருத்துவர் புல்லர் ஓல்பிறைற் 1941-இல் தெளிவுற எடுத்துக் காட்டினார்.

இதிற் கொழுப்புக்கு என்ன வேலை? முதல் வேலை சுமைகாவுதல். 1919-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் எட்வேட் மெலன்பி என்பார் நாய்க்குட்டிகளை வெயில்படாது அடைத்து வைத்து, ஓட்ஸ் கஞ்சி முதலியவற்றையே ஊட்டினார். அவற்றின் கால்கள் சிறார்க்கு வரும் றிக்கெற்ஸ் நோயிற்போல வளைந்தன. கொட் என்னும் மீனின் ஈரலெண்ணெய் கொடுத்தபோது அந்நோய் வாராது நின்றது. அவ்வெண்ணெயிலுள்ள உயிர்ச்சத்து ஏ-யே காரணமென அவர் கருதினார். 1922-இல் அமெரிக்காவில் மக்கொலம் என்பாரும் அவர் துணைவரும் அவ்வெண்ணெயைச் சூடாக்கி, வாயுவைச் செலுத்தி உயிர்ச்சத்து ஏ-யை அழித்துப் பார்த்தனர். அதன் பின்னும் அது றிக்கெற்ஸைத் தீர்த்தது. உள்ளிருந்த வேறொன்றுக்கு நான்காம் எழுத்தாகிய டி பெயராயிற்று. அதே காலத்தில், போரால் நலிந்த வியன்னா நகரத்துக் குழந்தைகளிடையே ஹரியற் சிக் என்னும் பெண்மணி செய்த ஆய்வு, ஈரலெண்ணெயால் விளையும் பயனே ஞாயிற்றொளியாலும் விளையுமென நிறுவிற்று. உணவிலுள்ள கல்சியம் குடலினின்று குருதிக்கு ஏறுதற்கு உயிர்ச்சத்து டி வேண்டும்; அது கொழுப்பிலே கரைவது.

அடுத்த கதை இன்னுஞ் சுவையானது. கோப்பன்ஹேகனில் ஹென்றிக் டாம் என்பார் கோழிக்குஞ்சுகள் கொலஸ்திரோலைத் தாமே ஆக்கவல்லனவோ என அறியவிரும்பி, கொழுப்பு நீக்கிய தீனி கொடுத்தார். குஞ்சுகள் குருதி உறையாது இறந்தன. கொலஸ்திரோலைத் தேடப்போனவர் உயிர்ச்சத்து கே-யைக் கண்டெடுத்து, 1943-ஆம் ஆண்டு நோபெல் பரிசிற் பங்கு பெற்றார். அவ்வுயிர்ச்சத்து குருதிக்கு மட்டுமன்றி, என்பிலுள்ள ஒஸ்டியோகல்சின் என்னும் புரதத்துக்கும் வேண்டப்படுவது 1970-களில் வெளிப்பட்டது. கீரைவகைகளில் அது நிரம்ப உண்டு. ஆனால் இலையோடு இறுகப் பிணைந்திருத்தலின் எளிதிற் குடலிற் சேர்வதில்லை. வெண்ணெயோடு கீரையை உண்டவர்க்கு ஏறத்தாழ மும்மடங்கு சேர்ந்ததென ஓர் ஆய்வு காட்டிற்று. கொழுப்பைக் குடல் ஏற்காத நோயுடையார்க்கு இவ்வுயிர்ச்சத்துக்களுங் குறைந்து, சேராத கொழுப்போடு கல்சியமுஞ் சவர்க்காரம்போற் கூடி வெளியேறிவிடுகின்றது. அத்தகையோர்க்கு என்பு மெலிதலை மருத்துவர் நன்கறிவர்.

இரண்டாம் வேலை உடம்பிலே படிந்துள்ள கொழுப்பினுடையது. சூலகம் ஓய்ந்தபின் பெண்ணுடலில் எஞ்சியுள்ள சிறிதளவு ஈஸ்திரோசன் பெரும்பாலும் கொழுப்பிழையத்திலேயே ஆக்கப்படுகின்றது. மிக மெலிந்த மூதாட்டியர்க்கு இடுப்பென்பு முறிவு மிகுதியாய் நேர்வதற்கு இஃதொரு காரணம். விழும்போது தாங்கும் மெத்தை இன்மையும் மற்றொன்று. இளம்பெண்கள் மெலிய விரும்பி உணவைச் சுருக்க மாதவிடாயே நின்றுபோதலும், அதனால் இருபது வயதிலேயே என்பு நொய்தலும் உண்டு. இப்பகுதியை நம் மேல்வகுப்பு மாணவியர் ஊன்றிப் படித்தல் வேண்டும்.

இனி, கொழுப்பைக் குறைத்தாற் கேடு விளையுமோ? இதனை ஐக்கிய அமெரிக்காவில் 1993-இல் ஆட்சேர்ப்புத் தொடங்கிய பேராய்வொன்று சோதித்தது. மாதவிடாய் நின்ற 48,835 மகளிருள் 19,541 பேர் கொழுப்பைக் குறைத்துக் காய், கனி, தானியங்களைக் கூட்டுமாறு பயிற்றப்பட்டனர். ஏனையோர் வழக்கம்போல உண்டனர். உணவுச் சத்தியில் நூற்றுக்கு 20 மட்டுமே கொழுப்பினின்று வரவேண்டுமென்பது குறிக்கோள். அதனை அவர்கள் எட்டவில்லை. முதலாண்டிற் 24 வரை இறங்கி, ஆறாமாண்டில் ஏறத்தாழ 29-க்கு மீண்டனர். நாவின் வலிமை அத்தகையது! சராசரி எட்டாண்டு கழித்து நோக்கியபோது இடுப்பென்பு முறிவில் இருசாராரிடையும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. குறைத்து உண்டோர்க்கு இடுப்பென்பின் அடர்த்தி நூற்றுக்கு அரை அளவு குறைந்திருந்தது. ஆனால் அவர்கள் பன்முறை விழுதலுஞ் சற்றே குறைந்திருந்தது. 2009-இல் வெளிவந்த இம்முடிவு, அளவாகக் குறைத்தலால் என்புக்குப் பெருங்கேடில்லை என்பதையும், பெருநன்மையில்லை என்பதையும் ஒருங்கே காட்டுகின்றது. என் தமக்கையார் செய்த முழுத்துறவை அது சோதிக்கவில்லை என்பதை மறத்தலாகாது.

கொழுப்பின் அளவைவிட வகையே கருதத்தக்கது என்பார் உளர். அப்பேராய்வைச் சேர்ந்த 1,37,486 மகளிரின் உணவை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட கட்டுரை, நிரம்பிய கொழுப்பை மிகுதியாக உண்டவரிடை இடுப்பென்பு முறிவு மிகுந்தும், நிரம்பாத கொழுப்பை மிகுதியாக உண்டவரிடை மொத்த முறிவு சற்றே குறைந்தும் இருந்தமையைக் காட்டிற்று. ஆயின் யாவரும் போற்றும் மீன்கொழுப்பை மிகுதியாக உண்டவரிடை மொத்த முறிவு சிறிது கூடியிருந்தது! இவை கண்டறிந்த தொடர்புகளேயன்றி நிறுவிய காரணங்கள் அல்ல. அன்றியும், அமெரிக்கர் உண்ணும் நிரம்பிய கொழுப்புப் பெரிதும் இறைச்சியினின்றும் பாலினின்றும் வருவது. அம்முடிவை அப்படியே நம் தேங்காயெண்ணெயின்மேல் ஏற்றுதல் முறையன்று. தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 நிரம்பிய கொழுப்பே எனினும், அதனை அளவோடு கொள்ளுமாறு கூறுவது நெஞ்சின் பொருட்டே. நல்லெண்ணெயோ பெரும்பாலும் நிரம்பாத கொழுப்பாலாயது.

ஈரலெண்ணெயையும் அளவின்றிக் குடித்தல் தகாது. 72,337 செவிலியரைப் பதினெட்டாண்டு தொடர்ந்து நோக்கி 2002-இல் வெளியான ஆய்வில், உயிர்ச்சத்து ஏ-யை மிகுதியாகக் கொண்டவரிடை இடுப்பென்பு முறிவு மிகுந்திருந்தது. மெலன்பி காரணமென நினைத்த சத்து, மிகுந்தவிடத்து எதிராதலைக் காண்மின்.

நம் வீடுகளிற் பூப்பெய்திய பெண்ணுக்கு முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் ஊட்டும் வழக்கத்தை நாகரிகர் சிலர் நகைப்பர். முட்டையின் மஞ்சட்கருவில் உயிர்ச்சத்து டி உண்டு; எண்ணெய் அதனைக் குடலிற் சேர்க்கும்; உழுந்து புரதந் தரும். என்பின் உச்சப் பருமனில் நூற்றுக்கு 90 வரை பெண்கள் பதினெட்டு வயதுக்குள்ளேயே ஈட்டிவிடுவர் என்பதை நோக்கின், முன்னோர் காரணம் அறியாவிடினுங் காலம் அறிந்திருந்தனர் எனலாம். முட்டையைப் பச்சையாகக் கொடாது அவித்துக் கொடுத்தலே இன்று தக்கது. புலால் உண்ணாதோர்க்கு உணவினின்று உயிர்ச்சத்து டி மிகச் சிறிதே கிடைக்கும். அவர்க்கு வெயிலே துணை. வீட்டுக்குள்ளேயே இருப்போர் குருதியைச் சோதிப்பித்து மருத்துவர் சொற்படி மாத்திரை கொள்ளலாம்.

என் தமக்கையார்க்கு என்பின் அடர்த்தியை அளந்து மருந்துங் கொடுத்துள்ளனர். மீனும் பாலும் மீண்டும் அவர் உணவிற் சேர்ந்தன. முட்டையையும் நல்லெண்ணெயையும் நினைவூட்டினேன். “தம்பி, அது குமர்ப்பிள்ளையளுக்குக் குடுக்கிறது” என்று நகைத்து மறுத்துவிட்டார். முருங்கையிலையை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வறுத்துண்ண மட்டும் உடன்பட்டிருக்கின்றார்.