வேர்-ல அன்டிஃபைண்ட் வந்தா என்ன ஆகும்?

இன்னைக்கு டேட்டாபேஸ் லைப்ரரிகள்ல குவெரி ஆப்ஷன்ஸை எப்படி டிசைன் பண்றாங்கன்னு பார்க்கலாம்.

யூசர்களைத் தேட ஒரு ஃபங்ஷன் எழுதுறீங்க. முதல்ல ஃபில்டர் மட்டும்தான். அப்புறம் சார்ட், லிமிட், ஆஃப்செட்னு ஒவ்வொண்ணா கேட்பாங்க. கடைசியில ஏழு ஆர்குமென்ட், நடுவுல மூணு நல். எது எதுக்குன்னு எழுதினவருக்கே தெரியாது. அதனாலதான் எல்லாத்தையும் ஒரே ஆப்ஜெக்ட்ல போடுற பழக்கம். ப்ரிஸ்மாவோட ஃபைண்ட்மெனி அப்படித்தான்: வேர், ஆர்டர்பை, டேக், ஸ்கிப், செலக்ட். வேணுங்கிறதைக் கொடுங்க, மீதியை விட்டுடுங்க.

ஆனா "விட்டுடுறது"க்கு என்ன அர்த்தம்? சிக்கல் அங்கதான்.

ப்ரிஸ்மாவில் நல் என்றால் டேட்டாபேஸில் இருக்கும் நல். அன்டிஃபைண்ட் என்றால் அந்தக் கண்டிஷனே இல்லை. சர்ச் ஸ்கிரீனுக்கு இது ரொம்ப வசதி. ஊர் செலக்ட் பண்ணலையா? வேல்யூ அன்டிஃபைண்ட், ஃபில்டர் தானா விழுந்துடும், ஒரு இஃப் கூட எழுத வேண்டாம்.

இதே விதியை டெலீட்மெனியில வச்சுப் பாருங்க. வேர்-ல இமெயில் கொடுத்திருக்கீங்க, ஆனா ரிக்வெஸ்ட்ல அந்த இமெயில் வரவே இல்ல. கண்டிஷன் காணாமப் போச்சு. டேபிள்ல இருக்கிற எல்லா ரோவும் காலி! எரர் எதுவும் வராது. ஃபைண்ட்ஃபர்ஸ்ட் இன்னும் நைசா மாட்டிவிடும்: டோக்கன் அன்டிஃபைண்டா இருந்தா, டேபிள்ல முதல்ல கிடைக்கிற ஆளோட ரெக்கார்டைக் கொடுக்கும். லாகின் கோடுல அப்படி இருந்தா, வேற யாரோ ஒருத்தரா உள்ள போயிடுவீங்க. ஃபைண்ட்யுனீக் மட்டும் எரர் கொடுத்துக் காப்பாத்தும்.

5.20 வெர்ஷனில் ஸ்ட்ரிக்ட்அன்டிஃபைண்ட்செக்ஸ் என்று ஒரு ப்ரிவியூ வசதி வந்தது. அதை ஆன் பண்ணினால், வெளிப்படையாக அன்டிஃபைண்ட் கொடுத்தாலே எரர். உண்மையிலேயே விட்டுவிட வேண்டுமென்றால் ப்ரிஸ்மா.ஸ்கிப் என்று எழுத வேண்டும். (பேஜினேஷனுக்கு ஏற்கெனவே ஸ்கிப்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. வேற பேரே கிடைக்கலையா பாஸ்?) என்னைக் கேட்டா, டீஃபால்ட்டே இப்படித்தான் இருந்திருக்கணும்.

மாங்கோடிபியின் நோட் டிரைவர் வேற வழி எடுக்குது. டீஃபால்ட்டா அன்டிஃபைண்டை நல்லா மாத்தி அனுப்பும். அதனால அந்த ஃபீல்டு நல்லா இருக்கிற அல்லது இல்லவே இல்லாத டாக்குமென்ட்கள் மேட்ச் ஆகும். இக்னோர்அன்டிஃபைண்டை ஆன் பண்ணிட்டா, மறுபடி ப்ரிஸ்மா கதைதான்.

நீங்களே ஒரு லைப்ரரி எழுதினா, படிக்கிறதுக்கும் அழிக்கிறதுக்கும் ஒரே விதி வைக்காதீங்க. தேடல்ல ஃபில்டர் விழுந்தா லிஸ்ட் நீளமா வரும், அவ்வளவுதான். டெலீட்ல அப்படி இல்லையே. சீக்வலைஸ் இதை ஒழுங்கா பண்ணியிருக்கு: டெஸ்ட்ராய்க்கு வேர் கொடுக்கலைன்னா வேலையே செய்யாது. முழுசா காலி பண்ணணும்னா, ட்ரன்கேட்னு நீங்களே கையால எழுதிக் கேட்கலாம்.