பில்லைத் தூக்கிப் போட்டுடாதீங்க!

எனக்கு 52 வயது. 2023 பிப்ரவரியில் இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று ஆபரேஷன் செய்து, மார்பகத்தையே எடுத்துவிட்டார்கள். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என்னைப் போன்ற ஒரு சகோதரிக்காவது உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் குடும்ப மெடிக்ளைம் பாலிசி உண்டு. ஆபரேஷன் செலவைக் கம்பெனியே ஆஸ்பத்திரிக்குக் கட்டிவிட்டது. "அப்பாடா, தப்பிச்சோம்" என்றார் வீட்டுக்காரர். செலவே அதற்கப்புறம்தான் என்பது அப்போது தெரியவில்லை.

21 நாளைக்கு ஒரு கீமோ, மொத்தம் ஆறு. காலையில் சேர்ந்து மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். 24 மணி நேரம் படுக்காவிட்டாலும் 'டே கேர்' என்று அதற்குப் பணம் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு கீமோவுக்கும் முன்னால் ரத்தப் பரிசோதனை, நடுவில் எக்கோ, வாந்தி நிற்க மாத்திரை என்று வெளியே ஆனது 23 ஆயிரத்துச் சொச்சம். பில்களை அனுப்பினால், 'டிஸ்சார்ஜ் ஆகி 60 நாள் முடிந்துவிட்டது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த எக்கோவைத் தள்ளிப்போட்டால் என்ன என்று யோசிக்க ஆரம்பித்தேன். (நமக்கு முதலில் தோன்றுவது நம் செலவைக் குறைப்பதுதானே!) ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் இருந்த பெண்தான் கண்ணைத் திறந்தாள். "அம்மா, அவங்க ஆபரேஷன்லேர்ந்து எண்ணிட்டாங்க. ஒவ்வொரு கீமோவும் தனி அட்மிஷன். அதுக்கு முன்னாடி 30 நாள், பின்னாடி 60 நாள் உங்க பாலிசியிலேயே போட்டிருக்கே!"

அன்று ராத்திரி ஹாலில் பாயை விரித்து, பில்களைத் தேதிவாரியாக ஆறு கட்டாகப் பிரித்தேன். ஒவ்வொரு கட்டிலும் அந்தந்தக் கீமோவின் டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டர் சீட்டு, ரிப்போர்ட். ரெண்டு பில்லை நானே குப்பையில் போட்டிருந்தேன். அது போனது போனதுதான். கம்பெனியின் குறைதீர்க்கும் பிரிவுக்கு எழுதி, எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் வைத்துக்கொண்டேன். அங்கும் மறுத்தால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் இருக்கிறார். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். எனக்கு அந்த அவசியம் வரவில்லை. ஐந்து வாரத்தில் பணம் வந்தது.

வராததும் உண்டு. ஐந்து வருடம் சாப்பிட வேண்டிய டாமாக்சிஃபென் மாத்திரை, வருடாந்திர மேமோகிராம், கை வீக்கத்துக்குப் போடும் இறுக்கமான உறை எல்லாம் கைக்காசுதான். மாத்திரையை மக்கள் மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள், விலை குறைவு. உள்ளே வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பகத்துக்கும் பாலிசியில் இடமில்லையாம். நான் பருத்தித் துணியில் இலவம்பஞ்சு திணித்துத் தைத்துக்கொண்டேன். தோள் ஒரு பக்கம் சாயாமல் இருக்கக் கொஞ்சம் கனம் வேண்டும் என்றதால், நடுவில் ஒரு பிடி கடுகு!

"மாத்திரைக்கே தராத பாலிசி எதுக்கு?" என்று பிரீமியம் கட்டும் நாளில் வீட்டுக்காரர் முரண்டு பிடித்தார். வேறு எதற்கும் அவரோடு இப்படிச் சண்டை போட்டதில்லை. க்ளைம் வாங்கிவிட்டோம் என்பதற்காகக் கம்பெனி புதுப்பிக்க மறுக்க முடியாது. ஆனால் விட்டுவிட்டு மறுபடி புதிதாகக் கேட்டால், புற்றுநோய் வந்த எனக்கு யார் தருவார்? கடைசியில் என் வளையலை அடகு வைத்துக் கட்டினோம்.

தை பிறந்ததும் அடுத்த மேமோகிராம். அதற்கான பணம் உளுந்து டப்பாவில் சேர்ந்துகொண்டிருக்கிறது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.